அழித்ததைத் தோண்டும் ஃபோட்டோரெக்: கல்யாண ஆல்பத்துக்குச் சரி, கேஸுக்கு?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அழிந்துபோன ஃபைல்களைத் தேடி மீட்கிற ஃபோட்டோரெக் நல்ல சாப்ட்வேர். காசு கிடையாது, விளம்பரம் கிடையாது, ஸ்கேன் முழுக்க ஓடவிட்டு போட்டோவையெல்லாம் சின்னச் சின்னதாகக் காட்டிவிட்டு 'சேமிக்கணும்னா பணம் கட்டுங்க' என்று கடைசி நேரத்தில் கழுத்தைப் பிடிக்கிற வேலையும் கிடையாது. ஆனால் இதைக் கையில் வைத்துக்கொண்டு, போலீஸ் கேஸில் டெலீட் பண்ணின ஆதாரத்தை நானே எடுத்துத் தருகிறேன் என்று யாராவது கிளம்பினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஏன் என்பதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

திருவாரூர் பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ், கூடவே சிசிடிவி மாட்டுகிற வேலை பார்க்கிறேன். முகூர்த்த சீசனில் மெமரி கார்டைப் பறிகொடுத்த போட்டோகிராபர், கேள்வித்தாள் இருந்த பென் டிரைவை ஃபார்மேட் பண்ணிவிட்ட வாத்தியார், கேமரா பதிவு காணாமல் போன கடைக்காரர், எப்போதாவது ஒரு வக்கீல் குமாஸ்தா, எல்லோரும் வந்து கேட்பது ஒரே கேள்விதான், 'அழிச்சது திரும்ப வருமா?' வரும், வராது இரண்டுமே சரியான பதில்தான். எதிலிருந்து அழித்தார்கள், அழித்த பிறகு அந்தச் சாதனம் என்ன செய்துகொண்டிருந்தது என்பதைப் பொறுத்தது.

ஹார்ட் டிஸ்க்கிலோ மெமரி கார்டிலோ ஒரு ஃபைலை டெலீட் செய்தால் ஃபைல் அங்கேயேதான் இருக்கிறது. அடங்கலில் ஒருத்தர் பெயரை அடித்துவிட்டால் வயல் காணாமலா போகிறது, அடுத்தவர் வந்து உழுது நடவு போடும் வரைக்கும் பழைய தாளடி அப்படியே கிடக்கும் இல்லையா, அது மாதிரி. 'இந்த இடம் காலி' என்று குறிப்பு மட்டும் மாறுகிறது. கேமரா கார்டுகளில் ஃபைல்களை அடுக்கி வைக்கிற ஃபேட் முறையில், ஃபைல் பெயரில் முதல் எழுத்து மட்டும்தான் போகும், அதனால்தான் சில மீட்பு சாப்ட்வேர்களில் 'டிஎஸ்சி' என்று தொடங்க வேண்டிய படங்கள் எல்லாம் முதல் எழுத்து இல்லாமல் ஒரு கோட்டோடு வரிசையாக நிற்கும். அதைப் பார்த்தாலே மனதுக்கு நிம்மதி, பாதி வேலை முடிந்தது.

ஃபோட்டோரெக் இந்தப் பெயர், குறிப்பு எதையும் பார்ப்பதே இல்லை. டிஸ்க்கை முதலிலிருந்து கடைசி வரை படித்துக்கொண்டே போய், ஒவ்வொரு வகை ஃபைலுக்கும் உள்ள தலை அடையாளத்தைத் தேடும். ஜேபெக் படம் என்றால் தொடக்கத்தில் எஃப்எஃப் டி8 எஃப்எஃப் என்ற மூன்று பைட் இருக்கும், அது கண்ணில் பட்டதும் அங்கிருந்து அள்ள ஆரம்பித்துவிடும். இப்படி 480-க்கும் மேற்பட்ட வகைகள் அதற்குத் தெரியும். ஃபார்மேட் ஆகி, பார்ட்டிஷனே (உள்ளே இடம் பிரித்து வைத்திருக்கிற கணக்கே) குழம்பிப்போன கார்டில் கூட வேலை செய்வதற்கு இதுதான் காரணம். ரெகுவா போன்ற வேறு மீட்பு சாப்ட்வேர்கள் டெலீட் ஆன ஃபைலைப் பெயரோடு கொடுக்கும், பார்க்க அழகாக இருக்கும், ஆனால் கார்டே குளறுபடி என்றால் திணறும்.

பயன்படுத்துவது கொஞ்சம் பழைய காலத்து அனுபவம். ஜிப்பைப் பிரித்து, அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தால் கறுப்புத் திரை, மவுஸ் கிடையாது, அம்புக்குறி விசைதான். டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பார்ட்டிஷன், ஃபைல் சிஸ்டம் வகை, காலி இடத்தில் மட்டும் தேடவா முழுசாகத் தேடவா என்று ஒரு கேள்வி, கடைசியில் எங்கே சேமிக்க என்று கேட்கும்போது தயவுசெய்து அதே கார்டைக் காட்டாதீர்கள், வேறு டிரைவைக் காட்டி 'சி' அழுத்துங்கள். மவுஸ் இல்லாமல் முடியாது என்பவர்களுக்கு க்யூஃபோட்டோரெக் என்று ஜன்னல் வைத்த பதிப்பும் அதே ஜிப்பில் இருக்கிறது. 32 ஜிபி கார்டு, சாதாரண ரீடர் என்றால் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். திரையில் ஜேபிஜி இத்தனை, எம்பி4 இத்தனை என்று எண் ஏறிக்கொண்டே போகும், போட்டோகிராபர் பக்கத்தில் நின்று கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கிற மாதிரி பார்ப்பார்.

அப்புறம்தான் தலைவலி. மீட்டதையெல்லாம் ரெகப் டிர் 1, ரெகப் டிர் 2 என்று ஃபோல்டர்களில் கொட்டிவிட்டுப் போய்விடும். பழைய பெயர் இருக்காது, எஃப் என்று தொடங்கி ஒரு நீள எண் மட்டும். மாப்பிள்ளை அழைப்பும் முந்தின வாரத்து வளைகாப்பும் யாரோ வீட்டுக் காதுகுத்தும் ஒன்றாகக் கலந்து கிடக்கும், உட்கார்ந்து பிரிக்க வேண்டியதுதான். பெரிய வீடியோக்கள் கார்டில் துண்டு துண்டாகச் சிதறியிருந்தால் பாதியில் நின்றுவிடும் அல்லது திறக்கவே திறக்காது, இது இந்த முறைக்கே உள்ள குறை. பெயர் முக்கியம் என்றால் அதே ஜிப்பில் டெஸ்ட்டிஸ்க் என்று இன்னொரு சாப்ட்வேர் இருக்கிறது, அது டெலீட் ஆன ஃபைல்களைச் சிவப்பு எழுத்தில் பெயரோடு காட்டும், முதலில் அதை ஓட்டிப் பார்த்துவிட்டு ஃபோட்டோரெக்குக்கு வரலாம். ஒன்று கவனம், ஃபோட்டோரெக் டிஸ்க்கில் எதையும் எழுதாது, படிக்க மட்டும்தான் செய்யும், டெஸ்ட்டிஸ்க்கில் 'ரைட்' என்று ஒரு தேர்வு இருக்கிறது, புரியாமல் அதை அழுத்திவிடாதீர்கள்.

எங்கே கைகொடுக்காது என்பதையும் சொல்ல வேண்டும். எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கிற டிஸ்க். இப்போது வருகிற லேப்டாப் எல்லாம் அதுதான். விண்டோஸ் 7 காலத்திலிருந்து ட்ரிம் என்று ஒரு கட்டளை இருக்கிறது, ஃபைலை அழித்ததும் 'இந்த இடம் இனி வேண்டாம்' என்று விண்டோஸ் எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிடும், எஸ்எஸ்டி தன் பாட்டுக்குப் பின்னால் சுத்தம் செய்துவிடும், அப்புறம் எந்த சாப்ட்வேரைக் கொண்டுபோய்க் கேட்டாலும் பூஜ்யம்தான் வரும். அழித்தவுடனே ஓடிவந்தாலும் பல சமயம் பிரயோஜனம் இருக்காது. ஹார்ட் டிஸ்க்கிலும் குவிக் ஃபார்மேட் வேறு, முழு ஃபார்மேட் வேறு. விண்டோஸ் விஸ்டாவிலிருந்து முழு ஃபார்மேட் டிஸ்க் முழுக்கப் பூஜ்யம் எழுதிவிடுகிறது. ஒரே ஒரு தடவை மேலே எழுதினாலே பழையது போச்சு. ஏழு தடவை எழுதணும், முப்பத்தஞ்சு தடவை எழுதணும், அப்படியும் சிபிஐ மெஷின் எடுத்துவிடும் என்பதெல்லாம் டீக்கடைப் பேச்சு, இன்றைய டிஸ்க்குகளில் அப்படி எடுக்கிற மெஷின் எதுவும் இல்லை.

போன் இன்னும் மோசம். ஃபோட்டோரெக்கால் போன் உள்நினைவகத்தைத் தொடவே முடியாது. ப்ளே ஸ்டோரில் 'டெலீட் ஆன போட்டோ மீட்பு' என்று குவிந்து கிடக்கிற ஆப்களில் பெரும்பாலானவை கேலரி எங்கேயோ சேர்த்து வைத்த சின்ன முன்னோட்டப் படத்தைத் தூக்கிக் காட்டிவிட்டு விளம்பரம் ஓட்டுகின்றன. ஆண்ட்ராய்டு 10-ஓடு வெளிவந்த போன்களிலிருந்து ஃபைலுக்கு ஃபைல் என்கிரிப்ஷன் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டுவது) கட்டாயம், ஃபேக்டரி ரீசெட் போட்டால் சாவியே அழிந்துவிடும், சாவி போனபின் உள்ளே இருப்பது வெறும் குப்பை. கொள்ளிடத்தில் வீசின போனை எடுத்து, சிப்பைப் பெயர்த்துப் படித்துவிடலாம் என்பது பழைய போன்களுக்குச் சரி. இப்போது சாவி அந்தப் போனின் ப்ராசஸரோடு பிணைந்திருப்பதால் சிப்பை மட்டும் தனியாகப் படித்து ஒன்றும் ஆகாது.

அப்படியென்றால் போனை அழித்தவன் தப்பித்தானா என்றால், அதுவும் இல்லை. ஒரு போனில் அழித்தது இன்னொரு இடத்தில் இருக்கும். கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆகியிருந்தால் பின் ஃபோல்டரில் 60 நாள் கிடக்கும், ஐபோனில் 'சமீபத்தில் நீக்கியவை' 30 நாள். வாட்ஸ்அப் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டால் அவர்கள் சர்வரில் இருக்காது, ஆனால் எதிர்முனைப் போனில் இருக்கும், குரூப்பில் இருக்கிற அத்தனை பேர் போனிலும் இருக்கும், ஆண்ட்ராய்டில் கடைசி 7 நாள் பேக்கப் போனுக்குள்ளேயே தனித்தனி ஃபைலாக இருக்கும். வாட்ஸ்அப் எல்லாவற்றையும் எஸ்க்யூஎல்லைட் என்ற தரவுத்தளத்தில் வைக்கிறது, அதில் அழித்த வரி உடனே துடைக்கப்படாமல் ஓரத்தில் தங்கியிருக்கவும் சில சமயம் வாய்ப்பு உண்டு. செல்லெப்ரைட் மாதிரி கருவி வைத்திருக்கிற தடயவியல் லேப்கள், திறக்க முடிந்த போனில் இந்த ஓரங்களைத்தான் நோண்டுகின்றன. யார் யாரை எப்போது கூப்பிட்டார்கள், எந்த டவர் என்கிற சிடிஆர் போனிலேயே இல்லை, கம்பெனியிடம் இருக்கிறது, 2021 டிசம்பர் முதல் அதை 2 வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று விதி. பேசினது என்ன என்று அதில் இருக்காது, பேசினார்கள் என்பது இருக்கும்.

சரி, சிசிடிவிக்கு வருகிறேன், என் பிழைப்பு அது. நம்ம ஊரில் பம்புசெட் காப்பர் வயர் திருட்டிலிருந்து கடை உண்டியல் வரை எது நடந்தாலும் முதலில் கேட்பது பக்கத்துக் கடை கேமராவைத்தான். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 4 கேமரா, ஒவ்வொன்றும் நொடிக்கு 2 மெகாபிட் என்றால் மொத்தம் நொடிக்கு 1 மெகாபைட், ஒரு நாளைக்கு 86 ஜிபி சொச்சம். 1 டிபி டிஸ்க் பன்னிரண்டு நாளைக்குள் நிரம்பிவிடும், நிரம்பினதும் பழையதன் மேலேயே எழுத ஆரம்பிக்கும். இது டெலீட் இல்லை, மேலெழுதுதல், போனது போனதுதான். 'போன மாசம் நடந்தது, எடுத்துக் கொடுங்க சார்' என்று வருகிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. அதுவே யாரோ வேண்டுமென்றே டிவிஆரில் (கேமரா பதிவைச் சேமிக்கிற பெட்டியில்) ஃபார்மேட் கொடுத்திருந்தால் பெரும்பாலும் அட்டவணை மட்டும்தான் அழிந்திருக்கும், படம் கீழே இருக்கும், உடனே கரண்டைப் பிடுங்கினால்.

2020 ஜூன் சாத்தான்குளம் காவல் மரணச் சம்பவம் ஞாபகம் இருக்கும். விசாரிக்கப் போன கோவில்பட்டி மாஜிஸ்திரேட், ஹார்ட் டிஸ்க்கில் 1 டிபி இடம் இருந்தும் ஸ்டேஷன் கேமரா பதிவு தினம் தினம் தானாக அழிகிற மாதிரி செட்டிங் இருந்தது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு அறிக்கை கொடுத்தார். ஒரு செட்டிங், அவ்வளவுதான். அதே வருஷம் டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம், எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வேண்டும், பதிவு 18 மாசம் இருக்கணும், அந்த அளவு வசதி கிடைக்காத இடத்தில் குறைந்தது 1 வருஷமாவது இருக்கணும் என்று சொன்னது. என் கணக்கை 18 மாசத்துக்கு நீட்டிப் பாருங்கள், 4 கேமராவுக்கே 47 டிபி கிட்ட வரும்.

ஃபோட்டோரெக் டிவிஆருக்கு ஆகுமா? நம்பி இறங்காதீர்கள். டிவிஆர் டிஸ்க் விண்டோஸுக்குப் புரிகிற முறையில் எழுதப்படுவதில்லை, கம்பெனிக்குக் கம்பெனி ஒரு முறை, நாலு கேமரா ஓட்டமும் பின்னிப் பின்னிக் கிடக்கும். கம்ப்யூட்டரில் மாட்டியதும் 'இந்த டிஸ்க் தயாராக இல்லை, இனிஷியலைஸ் செய்யவா' என்று விண்டோஸ் கேட்கும், ஓகே கொடுத்தால் டிஸ்க்கின் தலைப்பகுதியில் புதிதாக எழுதிவிடும். கடைக்கு வருவதற்கு முன்பே யாரோ மச்சான், யாரோ அக்கா பையன் இதைச் செய்துவிட்டுத்தான் கொண்டுவருகிறார்கள்.

நீடாமங்கலம் பக்கத்து உரக்கடைக்காரர் ஒருத்தர் டிவிஆரை யூரியா சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தார். குறுவை சீசன், கல்லாவில் பணம் குறைந்திருக்கிறது, காலையில் வந்து பார்த்தால் டிவிஆர் ஃபார்மேட் ஆகியிருக்கிறது. வேலை பார்த்த பையன் மேல் சந்தேகம். 'தம்பி, நீ படத்த மட்டும் எடுத்துக் குடு, மத்தத ஸ்டேஷன்ல நான் பாத்துக்கிறேன்' என்றார். 'அண்ணே, நான் இதைத் தொறந்தேன்னா, நாளைக்கு அவன் வக்கீல் எழுந்து, இடையில ஒரு கடைக்காரன் கையில டிஸ்க் இருந்துச்சு, அவன் என்ன பண்ணினான்னு யாருக்குத் தெரியும்னு கேப்பாரு. கம்ப்ளெய்ன்ட் குடுங்க, டிவிஆரை அவங்களே சீஸ் பண்ணட்டும்.' அவருக்குக் கோபம், இவனுக்கு வேலை தெரியவில்லை என்றே நினைத்திருப்பார். நான் செய்தது ஒன்றுதான், பவர் போடாமல், டிவிஆர் மாடலையும் சீரியல் நம்பரையும் போட்டோ எடுத்துக் கொடுத்து, கடிகாரம் பற்றி ஸ்டேஷனில் சொல்லச் சொன்னேன். பேட்டரி செத்த டிவிஆர் 2000-ம் வருஷம் ஜனவரி 1 என்று காட்டிக்கொண்டிருக்கும், நேரம் எவ்வளவு தள்ளி ஓடுகிறது என்று எடுக்கும்போதே குறித்து வைக்காவிட்டால், பையன் உள்ளே நுழைந்தது ராத்திரி பத்து மணியா விடியற்காலையா என்றே தெரியாது. லேப் ரிப்போர்ட் வர மாசக்கணக்கில் ஆனது. படம் கிடைத்தது.

லேப்காரர்கள் செய்வதும் அடிப்படையில் ஃபோட்டோரெக் செய்கிற வேலைதான், வித்தியாசம் அதற்கு முன்னாலும் பின்னாலும் இருக்கிறது. மூல டிஸ்க்கில் வேலையே செய்ய மாட்டார்கள். ரைட் பிளாக்கர் என்று ஒரு சாதனத்தை நடுவில் மாட்டி, ஒரு பைட் கூட எழுதப்படாமல் அப்படியே நகல் எடுத்து, மூலத்துக்கும் நகலுக்கும் ஹாஷ் போட்டு இரண்டும் ஒன்றா என்று பார்த்து, நகலில்தான் தோண்டுவார்கள். ஹாஷ் என்பது மொத்த டிஸ்க்கையும் கணக்கிட்டு வருகிற ஒரு நீள எண், உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் எண்ணே வேறாகிவிடும். நாம் வீட்டில் கார்டைச் சும்மா விண்டோஸில் செருகினாலே ஏதோ ஒரு ஃபோல்டரை அது எழுதிவிடும், ஹாஷ் அந்த நிமிஷமே மாறிப்போச்சு.

சட்டமும் இதைத்தான் கேட்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தில் 65பி, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தில் பிரிவு 63. சான்றிதழ் இரண்டு பகுதி, ஏ பகுதியைச் சாதனத்தை வைத்திருந்தவர் தரப்பு, பி பகுதியை நிபுணர், ஹாஷ் எண்ணும் அது எந்த முறையில் போட்டது என்பதும் அதிலேயே எழுத வேண்டும். இந்தச் சான்றிதழ் இல்லாமல் நகலை ஏற்க முடியாது என்று 2014-ல் அன்வர் வழக்கிலும், அதையே உறுதிப்படுத்தி 2020-ல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஃபோட்டோரெக் கொடுக்கிற, பெயரில்லாத, எஃப் நம்பர் போட்ட ஒரு படத்தைப் பென் டிரைவில் போட்டு நீட்டினால் எங்கிருந்து வந்தது, எப்போது எடுத்தது, யார் கையில் இருந்தது என்ற மூன்று கேள்வியிலேயே நின்றுவிடும். இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் எவ்வளவு பழசும் நிற்கும். கும்பகோணத்தில் சிலைத் திருட்டு வழக்குகளுக்கென்றே ஒரு கோர்ட் இருக்கிறது, புதுச்சேரி பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட் 1950-களிலிருந்து கோயில் கோயிலாகப் போய் எடுத்து வைத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் எத்தனை சிலைகளை அடையாளம் காட்டியிருக்கின்றன, 2014-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஸ்ரீபுரந்தான் நடராஜர் உட்பட.

அழித்தவருக்கும் ஒரு வார்த்தை. ஆதாரமாகக் கேட்கப்படும் என்று தெரிந்து மின்னணுப் பதிவை அழிப்பதே தனிக் குற்றம், பாரதிய நியாய சம்ஹிதா பிரிவு 241, 3 வருஷம் வரை. படம் திரும்பக் கிடைக்காவிட்டாலும் ஃபார்மேட் ஆன நேரம் டிவிஆர் லாக்கில் (அது தானாக எழுதி வைக்கிற நடவடிக்கைக் குறிப்பில்) தங்கியிருக்க வாய்ப்பு உண்டு, யார் லாகின் என்பதோடு.

ஆக என் மதிப்பெண், கார்டு, பென் டிரைவ், பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் 5-க்கு 4, அந்தக் கறுப்புத் திரைக்காக ஒன்று குறைத்தேன். எஸ்எஸ்டி, போன், டிவிஆருக்கு மதிப்பெண் போடுவதே நியாயமில்லை, அது அந்த வேலைக்கு வந்த சாமான் இல்லை. ஓடவிட்டால் டக்டக் என்று சத்தம் போடுகிற டிஸ்க், 2018 கஜா புயலில் தண்ணீர் குடித்த மாதிரி நனைந்த டிஸ்க் இதற்கெல்லாம் எந்த சாப்ட்வேரும் வேண்டாம், கரண்டே கொடுக்காதீர்கள், தூசியில்லாத அறை வைத்திருக்கிற இடத்துக்குத்தான் போக வேண்டும், செலவும் பலமாக இருக்கும்.

டவுன்லோட் பண்ணுகிறவர்கள் சிஜி செக்யூரிட்டி தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். 'ஃபோட்டோரெக் ப்ரோ கிராக்' என்று தேடினால் வருவதையெல்லாம் தொடாதீர்கள், இலவச சாப்ட்வேருக்குக் கிராக் எதற்கு, உள்ளே வைரஸ்தான் இருக்கும். ஓட்டும்போது ஆன்டிவைரஸ் மீட்ட ஃபைல்களில் சிலதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், எண்ணிக்கை குறைந்தால் முதலில் அங்கே போய்ப் பாருங்கள்.